ராம்கட் கிராமத்து விளக்கொளி

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் ராமநகரம். 1975-இல் வெளியான ‘ஷோலே’ படத்தின் ராம்கட் கிராமம் எழுந்தது அந்தப் பாறைக்குன்றுகளுக்கு நடுவில்தான். 1973 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது.

கீழே அமிதாப் பச்சன் மவுத் ஆர்கன் வாசிக்க, மேலே ஜெயா பாதுரி ஒவ்வொரு விளக்காக அணைக்கும் காட்சி நினைவிருக்கிறதா? திரையில் சில விநாடிகள்தான். எடுக்க ஏறக்குறைய 20 நாள் ஆனது! சூரியன் மறைந்த பிறகு வானில் காட்சிக்குத் தேவையான நிறம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் ஒரு டேக், மிஞ்சினால் இரண்டு. தவறினால் மறுநாள் அதே வெளிச்சம், அதே உடை, அதே இடத்தில் விளக்கு. இயக்குநர் ரமேஷ் சிப்பியும் ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சாவும் காட்டிய அந்தப் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இத்தனை கவனத்தையும் மீறிச் சில பிழைகள் தங்கிவிட்டன. இரு கைகளையும் இழந்த டாக்கூராக நடித்த சஞ்சீவ் குமாரின் கைகள், இறுதிச் சண்டையில் ஜிப்பாவுக்குள் இருப்பது உற்றுப் பார்த்தால் தெரியும். மின்சாரமே இல்லாத ஊரில் தர்மேந்திரா ஏறி நின்று மிரட்டும் அந்த உயரமான தண்ணீர்த் தொட்டிக்கு நீர் எப்படி ஏறியது என்று ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

முடிவும் முதலில் வேறு. டாக்கூர் கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைக் கொன்றுவிடுவார். தணிக்கைக் குழு மறுக்கவே, போலீசார் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். அந்தப் பழைய முடிவோடு சீரமைக்கப்பட்ட பிரதி, 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரத் திரைவிழாவில் திரையிடப்பட்டது.