கேசட்டுக்குள் ஒளிந்திருந்த பெயர்

அந்தப் புள்ளியைக் கண்ணால் தேடிப் பயனில்லை. திரையின் பின்புலம் சாம்பல் நிறம், புள்ளியும் அதே சாம்பல். கறுப்புக் கோட்டையின் புதிர்ப்பாதைக்குள், வாசலே இல்லாத ஓர் அறையில் அது கிடக்கிறது. கையோடு ஒரு பாலத்தைத் தூக்கிப்போய்ச் சுவர்மேல் போட்டால்தான் உள்ளே நுழையலாம். நுழைந்த பிறகும் ஒன்றும் தெரியாது. அங்குமிங்கும் உரசிக்கொண்டே போகும்போது, ஏதோ ஒட்டிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

அதைச் சுமந்துகொண்டு பொன்கோட்டைக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் அறைக்கு வர வேண்டும். சாவி, வாள் என்று இன்னும் இரண்டு பொருள்களை அங்கே கொண்டுவந்து போட்டால், வலது ஓரச் சுவர் சிமிட்டத் தொடங்கும். துணிந்து சுவருக்குள் நடந்தால் ஒரு ரகசிய அறை. நட்டநடுவில், மேலிருந்து கீழாக, நிறம் மாறி மின்னும் எழுத்துகள்: இதைப் படைத்தவர் வாரன் ராபினெட்.

அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1980இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'அட்வெஞ்சர்' என்ற வீடியோ கேமில் இருக்கிறது இந்த அறை. அட்டைப்பெட்டியில் அவர் பெயர் இல்லை. கூட வந்த கையேட்டிலும் இல்லை. கேமை எழுதியவரே தன் பெயரைத் திருட்டுத்தனமாக உள்ளே புதைத்துவைக்க வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. இன்றைய கேம் தொழிலின் பாதி வரலாறு அதற்குள் அடங்கிவிடும்.

அடாரி 1977இல் வெளியிட்ட வீட்டு இயந்திரம், வி.சி.எஸ். பின்னாளில் 2600 என்று பெயர் பெற்றது. டிவியில் இணைத்து, வேண்டிய கேசட்டைச் செருகி ஆடலாம். (கார்ட்ரிட்ஜ் என்பது முறையான பெயர். நம் ஊரில் யார் அப்படிச் சொன்னார்கள்? கேசட்தான்.) அந்த இயந்திரத்தின் தற்காலிக நினைவகம் 128 பைட். இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வாக்கியத்தை இன்றைய கணினியில் தமிழில் சேமிக்கக்கூட அந்த 128 பைட் போதாது. கேசட்டில் இன்னும் 4 கிலோபைட். ராபினெட்டின் மேலதிகாரி, நூற்றுக்கணக்கான கிலோபைட் தேவைப்பட்ட ஒரு கணினி விளையாட்டை இதற்குள் திணிக்க முடியாது, அந்த வேலையை விடு என்றார். ராபினெட் கேட்கவில்லை. வீரன் ஒரு சதுரம், டிராகன்கள் பார்ப்பதற்கு வாத்து மாதிரி, நினைத்த நேரத்தில் பறந்துவந்து கையில் இருப்பதைப் பிடுங்கிப் போகும் ஒரு வௌவால். இத்தனையையும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கினார். அதிலும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத் தன் பெயர் இருக்கும் அறைக்கு ஒதுக்கிக்கொண்டார்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று ஒரு பெரிய கேமை உருவாக்க ஆயிரம் பேர்கூட வேலை செய்கிறார்கள். அன்று ஒரே ஆள். கதையை யோசிப்பதும், படம் வரைவதும், ஒலி சேர்ப்பதும், புரோகிராம் எழுதுவதும் அவரே. ஒரு நாவலாசிரியருக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமையோடு அவர் 'இது என்னுடையது' என்று சொல்லலாம். ஆனால் நிறுவனத்தின் கண்ணுக்கு அது நாவல் இல்லை, பொம்மை. பொம்மைக்கு ஏது ஆசிரியர்?

அடாரியை 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வாங்கியிருந்தது. 1978இல் ரே கஸார் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். அதற்கு முன் பர்லிங்டன் என்ற பெரிய ஜவுளி நிறுவனத்தில் இருந்தவர். புரோகிராமர்களின் பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும், சம்பளத்துக்குப் பேரம் பேசுவார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தப் பயம் பொய்யில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ராபினெட் பின்னாளில் போட்ட கணக்கோ வேறு: அவருடைய ஆண்டுச் சம்பளம் 22,000 டாலர். 'அட்வெஞ்சர்' 10 லட்சம் பிரதி விற்றது, ஒரு பிரதி 25 டாலர். ராயல்டி கிடையாது. பாராட்டி ஒரு வார்த்தை கிடையாது.

ரகசிய அறையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. புரோகிராமை ஒப்படைத்துவிட்டு 1979இல் வேலையையும் விட்டார். மறு ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து 15 வயதுப் பையன் ஒருவன் அடாரிக்குக் கடிதம் எழுதினான். புள்ளி எங்கே இருக்கிறது, எந்தச் சுவர் வழியாகப் போக வேண்டும், உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று எல்லாம் எழுதியிருந்தான். விஷயம் நிறுவனத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. அதை நீக்கும் வேலை பிராட் ஸ்டூவர்ட் என்ற புரோகிராமரிடம் போனது. நீக்கச் சொன்னால் 'சரிசெய்தவர் பிராட் ஸ்டூவர்ட்' என்று அதே இடத்தில் எழுதிவிடுவேன் என்றார் அவர். தவிர, கேசட்டுக்குள் இருக்கும் சில்லுக்குப் புது அச்சு செய்ய 10,000 டாலர் போல ஆகும். கடைசியில் ஸ்டீவ் ரைட் என்ற அதிகாரி, இருந்துவிட்டுப் போகட்டும், ஈஸ்டர் பண்டிகைக்குப் பிள்ளைகள் தோட்டத்தில் ஒளித்துவைத்த முட்டையைத் தேடுவதில்லையா, அதுபோல மக்கள் தேடட்டும் என்றார். 'ஈஸ்டர் எக்' என்ற சொல் கேம் உலகத்துக்கு வந்தது அப்படித்தான். இன்று சினிமா ரசிகர்கள்கூட, லோகேஷ் கனகராஜ் படம் வந்த மறுநாளே ஈஸ்டர் எக் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். அது முதலில் ஒரு தொழிலாளியின் கோபம் என்பது பலருக்குத் தெரியாது.

ராபினெட் ஒளித்துவைத்தார். வேறு நால்வர் நேரே கேட்டார்கள்.

டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி கப்லான். எந்தக் கேசட் எவ்வளவு விற்றது என்ற உள்சுற்றறிக்கை ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. இன்ன மாதிரி கேம் விற்கிறது, அதையே செய்யுங்கள் என்று சொல்வதற்காக நிர்வாகம் அனுப்பிய காகிதம் அது. இவர்கள் அதை வேறு மாதிரி படித்தார்கள். கூட்டிப் பார்த்தால், விற்பனையில் பாதிக்கு மேல் தங்கள் நால்வரின் கேம்களிலிருந்தே வந்திருந்தது. 1979இல் கஸாரிடம் போய், எழுத்தாளருக்கும் பாடகருக்கும் இருப்பதுபோலப் பெயரும் பங்கும் வேண்டும் என்றார்கள். கேசட்டைத் தொழிற்சாலையில் பொருத்துகிறவரைவிட நீங்கள் ஒன்றும் உயர்ந்தவர்கள் இல்லை என்று பதில் வந்ததாகக் கிரேன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். பொருத்துகிற தொழிலாளிக்கும் இதில் அவமானம் இருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை.

நால்வரும் வெளியேறினார்கள். இசைத்தட்டுத் தொழிலிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து அதே ஆண்டு அக்டோபரில் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். ஒருவர் விற்கும் கேம் இயந்திரத்துக்கு இன்னொருவர் கேம் எழுதி விற்பது அதுவரை இல்லாத வழக்கம். கடையில் அவர்களுடைய கேசட்டைக் கையில் எடுத்தவர்கள் இன்னொரு புதுமையையும் பார்த்தார்கள். எழுதியவர் பெயர் வெளியிலேயே அச்சாகியிருந்தது. கையேட்டைத் திறந்தால் அவருடைய படம், இந்த இடத்தில் இப்படி ஆடிப் பாருங்கள் என்று அவரே சொல்லும் யோசனை. லெவிக்கு இது புதிதல்ல. பாடகர் முகம் இல்லாத இசைத்தட்டை யார் வாங்குவார்கள்? 1982இல் வந்த கிரேனின் 'பிட்ஃபால்' 40 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 20,000 புள்ளி எடுத்தவர்கள் டிவித் திரையைப் படமெடுத்து அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளத் துணிப்பட்டை ஒன்று தபாலில் வந்தது. அதே ஆண்டு 'ரிவர் ரெய்டு' எழுதிய கரோல் ஷா, இத்துறையின் முதல் பெண் வடிவமைப்பாளர்களில் ஒருவர். ஆக்டிவிஷனில் எழுதியதால் அவர் பெயரும் வெளியே தெரிந்தது.

அடாரி வழக்குப் போட்டது. 1982இல் ராயல்டி கொடுத்தால் போதும் என்று சமரசம் ஆனது. அந்தச் சமரசம் கதவை அகலமாகத் திறந்துவிட்டது. கேம் எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேசட் போட்டார்கள். கடைகளில் குப்பை குவிந்து 1983இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. பெயர் கேட்ட சண்டைதான் சரிவுக்குக் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் இரண்டும் ஒரே கதவு வழியாக வந்தவை. அந்த ஆக்டிவிஷனை, பல கைகள் மாறிய பிறகு, 2023இல் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது.

சரிவுக்குப் பின் தொழில் ஜப்பானுக்குப் போனது, பழைய பயமும் கூடவே போனது. ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று, அங்கே புனைபெயரில் கையெழுத்திடச் சொன்னார்கள். கொனாமியின் 'கேஸில்வேனியா'வை ஆடி முடித்தால் இசையமைப்பாளர் ஜேம்ஸ் பனானா என்று எழுத்து வரும். அந்த வாழைப்பழத்துக்குப் பின்னால் இருந்தவர் கினுயோ யமாஷிதா என்ற பெண். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அந்த ஜப்பானியக் கேம்களின் திருட்டுப் பிரதிகள். '9999 இன் 1' என்று போட்ட மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் செருகினோம். அவற்றில் பலவற்றின் முதல் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரையே அழித்திருந்தார்கள். ஆக, ஆளின் பெயரை நிறுவனம் மறைக்க, நிறுவனத்தின் பெயரைத் திருடியவர் மறைக்க, நாம் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருந்தோம்.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 'டெட்ரிஸ்' அலெக்ஸி பஜித்னோவின் படைப்பு என்பது உலகத்துக்கே தெரியும். 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் எழுதினார். உரிமை அரசிடம் இருந்தது. அவருக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996இல்தான்.

இன்று கேம் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் அரை மணி நேரம்கூட ஓடுகிறது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஹாலிவுட்டில் திரைக்கதை யாருடையது என்று தகராறு வந்தால் எழுத்தாளர் சங்கம் தீர்ப்புச் சொல்லும். கேம் தொழிலில் அப்படிக் கட்டுப்படுத்தும் அமைப்பு எதுவும் இல்லை. வழிகாட்டு நெறிகள் உண்டு, விரும்பியவர் பின்பற்றலாம். 2021இல் வந்த 'மெட்ராய்டு டிரெட்' கேமில் வேலை செய்த சிலர் தங்கள் பெயரைக் காணோம் என்றார்கள். உருவாக்கக் காலத்தில் கால் பங்காவது வேலை செய்திருந்தால்தான் பெயர் போடுவோம் என்றது ஸ்டூடியோ. அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டுவதற்கு இந்தப் பட்டியலைத் தவிர வேறு சான்று அவர்களிடம் இல்லை.

புகழின் உச்சியில் இருந்தாலும் இதே கதைதான். 2015இல் 'மெட்டல் கியர் சாலிட் 5' வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அட்டையிலிருந்து அதன் இயக்குநர் ஹிடியோ கொஜிமாவின் பெயரைக் கொனாமி எடுத்துவிட்டது. கேமுக்குள்ளோ ஒவ்வொரு பணிக்கும் டிவி தொடர் மாதிரி டைட்டில் கார்டு ஓடுகிறது. அதில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

ராபினெட்டின் அறைதான் உலகின் முதல் ஈஸ்டர் எக் என்று பல காலம் எழுதிவந்தார்கள். 'ரெடி பிளேயர் ஒன்' நாவலும் படமும் அதை இன்னும் பரப்பின. 2017இல் அது மாறியது. ஒருகாலத்தில் மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸ் கேம்களுக்குப் பொறுப்பாக இருந்த எட் ஃப்ரைஸ், 'ஸ்டார்ஷிப் 1' என்ற பழைய கேமைக் கிண்டிக்கொண்டிருந்தார். காசு போட்டு ஆடும் பெட்டி அது, 1977இல் அடாரி செய்தது. அதை எழுதிய ரான் மில்னர், உள்ளே ஒன்றை ஒளித்துவைத்தது ஞாபகம் இருக்கிறது, அதை எப்படி வரவழைப்பது என்பது மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். ஃப்ரைஸ் புரோகிராமைப் பிரித்து வரிவரியாகப் படித்து, எந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று கண்டுபிடித்தார். அழுத்தியதும் 40 ஆண்டு தூக்கத்திலிருந்து திரை எழுந்து 'ஹாய் ரான்!' என்றது. காசில்லாமல் 10 ஆட்டமும் கொடுத்தது.