கேக்கை எழுப்புவது எது?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் கேக் செய்தோம். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா நான்கும் சம எடை. அளவில் தவறில்லை, அடுப்பின் சூட்டிலும் குறையில்லை. ஆயினும் கிடைத்தது பலகைபோல் கெட்டியான ஒரு துண்டு! பிழை எங்கே? இதே நான்கு பொருள்களை வெவ்வேறு நாட்டார் கையாளும் முறைகளைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இங்கிலாந்தின் 'பவுண்டு கேக்'கில் நான்கும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம். பர்மிங்காமில் ஆல்ஃபிரெட் பேர்டு பேகிங் பவுடர் தயாரித்தது 1843-இல்தான். அதற்கு முன்பு வெண்ணெயைக் கையாலேயே நெடுநேரம் குழைத்தார்கள். குழைக்கும்போது சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களை இழுத்துச் செல்கின்றன. வெண்ணெயிலுள்ள கொழுப்புப் படிகங்கள் அக்குமிழ்களைச் சூழ்ந்து காக்கின்றன.

பிரான்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் இதே சம எடைக் கேக்குக்கு 'நான்கு கால் பங்குகள்' என்று பொருள்படும் பெயர் உண்டு. அங்கே உப்பிட்ட வெண்ணெயைப் பலர் உருக்கியே ஊற்றுகிறார்கள். உருகிய வெண்ணெயில் படிகங்கள் இல்லை. எனவே குமிழும் தங்காது. காற்று முட்டையிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே பல வீடுகளில் வெண்கருவைத் தனியே நுரைக்க அடித்து, கடைசியில் மெல்லக் கலக்கிறார்கள். வெண்கருவின் புரதம் குமிழ்களைச் சுற்றி மெல்லிய ஏடாகப் படிகிறது.

இலங்கை வீடுகளின் 'பட்டர் கேக்' ஆங்கில முறையைத் தழுவியது. பேகிங் பவுடரும் சேரும். அங்கும் சிலர் வெண்கருவைத் தனியே அடித்துச் சேர்க்கிறார்கள்.

பேகிங் பவுடர் இருக்கக் குழைப்பது எதற்கு என்று கேட்பீர்கள். அது தரும் கரியமில வாயு புதிய குமிழ்களை எளிதில் உண்டாக்குவதில்லை. முன்பே உள்ள குமிழ்களில் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. குமிழே இல்லையெனில் அதனால் பெரும்பயன் இல்லை.

சூட்டில் காற்று எவ்வளவு விரியும்? 30° செ. என்பது 303 கெல்வின்; 90° செ. என்பது 363 கெல்வின். சார்லஸ் விதிப்படி பருமன் ஐந்தில் ஒரு பங்கே கூடும். ஆனால் 90° செ.-இல் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு. கலவையிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழ்களுக்குள் புகுந்து அவற்றை மேலும் ஊதுகிறது. பிறகு முட்டைப் புரதமும் மாவுப்பொருளும் இறுகி, அந்த வடிவத்தை நிலைநிறுத்துகின்றன.

இப்போது எங்கள் பிழை விளங்கும். அன்று சமையலறை வெப்பமானி 34° செ. காட்டியது. குழைப்பதற்கு ஏற்றது 20° செ. அளவிலுள்ள வெண்ணெய். 34° செ.-இல் அது பெரும்பாலும் எண்ணெயாகிவிடுகிறது. நாங்கள் குழைத்தது வீண், காற்றே புகவில்லை.

பரிகாரம் இரண்டு. குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்துக் குழைக்கலாம். அல்லது பிரிட்டனி வழியில் வெண்கருவை நம்பலாம். காற்று புகுந்ததா என்பதை அறியத் தராசு போதும். குழைக்கத் தொடங்கும்போது ஒரு சிறு கிண்ணம் நிறையக் கலவையை எடுத்து நிறுத்துப் பாருங்கள். குழைத்தபின் அதே கிண்ணம் நிறைய மீண்டும் நிறுங்கள். எடை நன்றாகக் குறைந்திருந்தால் முட்டையைச் சேர்க்கலாம். குறையவில்லையெனில் கலவையைச் சற்றுக் குளிரவைத்து மீண்டும் குழையுங்கள்.