லயத்து வாசிப்பு – 17: வேலை விட்டு வந்தவர்களின் வகுப்பு

தத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர் முதலில் எந்தப் புத்தகத்தை எடுப்பது என்ற கேள்வியில் நிற்கிறோம். தடித்த புத்தகம் வேண்டாம் என்றது வரை போன கிழமை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்தக் கிழமை பௌத்தம், லோகாயதம், சைவ சித்தாந்தம் என்று நம் பக்கத்துப் புத்தகங்களைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். வருகிறேன். அதற்கு முன் பொலிட்ஸர்.

ஜார்ஜ் பொலிட்ஸரின் ‘மார்க்சிய மெய்ஞ்ஞானம்’ ஆர்.கே. கண்ணன் மொழிபெயர்ப்பில் எப்போதோ தமிழுக்கு வந்துவிட்டது. தொழிற்சங்கக்காரர்களின் அலுமாரியில் அட்டை போய், பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. வட்டவளை மழைக்கு றொசல்லவுக்கு வர டிக்கெட் தேவையில்லை. இங்கே எந்தப் புத்தகமும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் வெள்ளையாக இருந்ததில்லை. புத்தகத்தை நமக்குத் தெரியும். அது பிறந்த கதையைத்தான் இந்தக் கிழமை ஊன்றிப் படித்தேன். படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

1932இல் பாரிஸில் தொழிலாளர் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பகலெல்லாம் தொழிற்சாலையிலும் கந்தோரிலும் நின்றவர்கள் மாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பொலிட்ஸர் 1903இல் ஹங்கேரியில் பிறந்து, பதினெட்டு வயதில் பாரிஸுக்கு வந்து, பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். 1935–36இல் இந்தத் தொழிலாளர் வகுப்பை எடுத்தார். வகுப்போடு சரி, அதைப் புத்தகமாக்கவில்லை. 1940இல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்தது. நாஜிகளின் சித்தாந்தக்காரர் ரோசன்பேர்க் அங்கே வந்து முழங்கிவிட்டுப் போனார். பொலிட்ஸர் தலைமறைவாக அச்சடித்த சிறு நூலில் அதற்குப் பதில் எழுதினார். 1942 பெப்ரவரியில் பிடித்தார்கள். மே 23இல் சுட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் மனைவி மாய் என்பவரை அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கேயே அவரும் இறந்துபோனார்.

போர் முடிந்த பிறகு, 1946இல், அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்புகள்தான் புத்தகமாக வந்தன. ஆசிரியர் இல்லை. கொப்பி இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான்: தொடங்குகிறவருக்கு நல்ல தத்துவப் புத்தகம் எது என்று பார்க்க, அது யார் முன்னால் பேசப்பட்டது என்று கேளுங்கள். களைத்து வந்தவர்கள் முன்னால் பேசியவர் மூச்சு விடாமல் நாற்பது சொல்லில் ஒரு வசனம் சொல்லமாட்டார். சொன்னால் முன்வரிசையில் ஒருவர் தூங்கிவிடுவார். பொலிட்ஸரைத் திறந்து பாருங்கள். போன பாடத்தில் சொன்னதை மறுபடி தொட்டுக்கொண்டுதான் அடுத்த பாடத்துக்குப் போகிறார். கடினமான சொல் வந்தால் அந்த இடத்திலேயே உடைத்துக் காட்டுகிறார். பாட முடிவில் விளங்கியதா என்று பார்க்கக் கேள்விகள். காலை பிரட்டுக்கு நின்று, மலை ஏறி, கொழுந்து நிறுத்து, பேர் பதிந்துவிட்டு வருகிறவருக்கும் இந்த நடை ஒத்துவரும். அறிஞர்கள் அறிஞர்களுக்காக எழுதியது ஒத்துவராது. அது அவர்கள் குற்றமில்லை, முதல் புத்தகமாக நம் கையில் கொடுத்தவர் குற்றம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பொலிட்ஸருக்கு உலகத்தில் இரண்டே கட்சிதான்: கருத்துமுதல்வாதம், பொருள்முதல்வாதம். எல்லாத் தத்துவஞானியையும் ஏதாவதொரு பக்கம் நிறுத்திவிடுவார். பார்க்லி என்ற ஐரிஷ் பாதிரியாருக்கு விழுகிற அடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால் கையோடு ரஸல் எழுதிய ‘தத்துவத்தின் பிரச்சினைகள்’ (1912) படிக்க வேண்டும். சின்னப் புத்தகம். ஒரு மேசையை முன்னால் வைத்துக்கொண்டு, நிற்கிற இடத்துக்கு இடம் அதன் நிறம் மாறுகிறதே, அப்படியானால் மேசையின் நிறம் எது, மேசை என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போவார். பார்க்லிக்கு அங்கே நியாயமான விசாரணை கிடைக்கிறது. ஒப்புக்கொள்ளாதவரையும் முழுக்கப் பேசவிட்டுப் பிறகு மறுக்கும் பழக்கம் நம் சங்கக் கூட்டங்களிலேயே அருமை.

பொலிட்ஸருக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் இருந்தார் என்று சொல்லலாம், வில் டூரன்ட். அவரும் தொழிலாளர் முன்னால் பேசியவர்தான். நியூயார்க்கில் தொழிலாளர் ஆலயம் என்ற இடத்தில். ஒருநாள் அந்த வழியாகப் போன ஹால்டிமன்-ஜூலியஸ் என்ற பதிப்பாளர், பிளேட்டோ பற்றிப் பேச்சு என்று எழுதியிருந்ததைப் பார்த்து உள்ளே நுழைந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் நீல அட்டைப் புத்தகங்களை ஐந்து சதத்துக்கு விற்றுக்கொண்டிருந்த மனிதர் அவர். ஊருக்குப் போய், அந்தப் பேச்சை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். நேரமில்லை என்றார் டூரன்ட். அடுத்த கடிதத்தோடு முன்பணக் காசோலை வந்தது! அப்படி ஒவ்வொன்றாக வந்த ஐந்து சதப் புத்தகங்கள் சேர்ந்துதான் 1926இல் ‘தத்துவத்தின் கதை’ ஆயின. பதினொரு பாக நாகரிக வரலாற்றை எழுத டூரன்டுக்குச் சோறு போட்டதும் அந்தப் புத்தகமே. அதில் இந்தியா இல்லை, சீனா இல்லை என்பது என் மனத்தாங்கல்.

மெலிந்த, மலிந்த புத்தகம் என்றால் நமக்கும் ஒரு வம்சம் உண்டு. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்த கதை எல்லாருக்கும் தெரியும். அவரும் மனைவி மீனாட்சி அம்மாளும் அச்சடித்துப் பரப்பிய துண்டுப் பிரசுரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் யாரும் தத்துவக் கணக்கில் சேர்ப்பதில்லை. கூலி எப்படித் தீர்மானமாகிறது, தொரை சொன்னால் ஏன் கேட்க வேண்டும் என்று முதல் கேள்வியைக் கேட்கவைத்தது எதுவோ அதுவும் தத்துவம்தான். இதைப் பற்றித் தனியாக ஒரு கிழமை எழுதுவேன்.

றொசல்ல ஸ்டேஷன் வாங்கில், கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, கதை மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க, கோச்சியில படிக்கிறதுக்கு.” ‘சோஃபியின் உலகம்’ என்றேன். நோர்வேக்காரர் யொஸ்டைன் கார்டெர் 1991இல் எழுதிய நாவல், தமிழில் ஆர். சிவகுமார் மொழிபெயர்த்து காலச்சுவடு வெளியிட்டது. ஒரு சிறுமியின் தபால் பெட்டிக்கு நீ யாரென்று கேட்கும் சீட்டு வருகிறது; அதிலிருந்து சோக்கிரட்டீஸ், டேக்கார்ட், கான்ட் என்று பாடம் விரிகிறது. தடித்த புத்தகம்தான், என் விதிக்கு விலக்கு. கொஞ்சம் படித்துவிட்டு அவர் போனில் சொன்னார்: “அண்ணே, அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்கே தபால் வருதே!” லயத்துக் காம்பிராவுக்கென்று தனி விலாசம் இல்லாமல், கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, யார் கையிலோ தங்கி, வேலைக்கான கடிதம் தேதி போன பிறகு வந்து சேரும் இடத்திலிருந்து படிக்கிறவர் அந்த முதல் அத்தியாயத்தில் நிற்கிற இடம் வேறு. நீ யார் என்ற கேள்விக்கு முன்னால் உன் விலாசம் எது என்ற கேள்வி இருக்கிறது. கார்டெருக்கு அது தோன்ற நியாயமில்லை.

உயர்தரத்தில் அளவையியல் எடுத்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு சோக்கிரட்டீஸைத் தெரியும்: எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே. அவர் சாவார் என்று பரீட்சைக்கு எழுதுகிறோம். ஏன் செத்தார் என்று எந்த ரியூசன் குறிப்பிலும் இல்லை. கி.மு. 399இல் எழுபது வயதில் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதியது சிறிய நூல். அதுவும் மக்கள் முன்னால் பேசிய பேச்சுத்தான், கேட்டவர்கள் தண்டனை கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். பிளேட்டோவின் ‘அரசியல்’ வெ. சாமிநாத சர்மாவின் தமிழில் இருக்கிறது, அவர் நூல்கள் நாட்டுடைமையானவை. ஆனால் அதற்கு அவசரப்பட வேண்டாம். வழக்குப் பேச்சு முதலில்.

நம் பக்கத்துக்கு வருகிறேன் என்றேன். பக்கம் முடியப் போகிறது, ஆசிரியர் கந்தோரிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ராகுல் சாங்கிருத்யாயனிலிருந்து அடுத்த கிழமை தொடங்குவோம். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ எழுதியவர், அதையும் ஹசாரிபாக் சிறையில். அவர் 1920களின் கடைசியில் களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்துப் பாலி படித்தார். அந்தப் பிரிவெனா பல்கலைக்கழகமான பிறகு 1959இல் தத்துவப் பேராசிரியராகவே திரும்பி வந்தார். அவருடைய பெரிய தத்துவ வரலாறு தமிழில் ஏ.ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் தனித்தனிப் பாகங்களாக வந்திருக்கிறது. ஐரோப்பியம், இஸ்லாமியம், பௌத்தம், இந்து என்று பிரித்து வாங்கலாம். அதற்குள் கிடைத்தால் பௌத்தத்தை மட்டும் எடுத்து வையுங்கள். இந்து தத்துவப் பாகத்தில் எனக்கும் ராகுல்ஜிக்கும் ஒரு சண்டை இருக்கிறது, அதை இரண்டு வரியில் முடிக்க முடியாது.

(தொடரும்)