ஒற்றை வரியில் முடியும் மேல்முறையீடு

தமிழகக் காவல் நிலையத்தில் 'த்ரீ பி' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகும் ஆட்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டின் காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகளில் 3(ஏ) பிரிவு சின்னத் தண்டனைகளுக்கானது. 3(பி) பிரிவில் சார்ஜ் மெமோ வந்தால் வேலையே பறிபோகலாம்.

எஸ்.பி. கொடுத்த தண்டனையை எதிர்த்துக் காவலர் சரக டி.ஐ.ஜி.யிடம் போகலாம். எஸ்.பி.யும் டி.ஐ.ஜி.யும் ஒரே துறை, ஒரே அதிகார வரிசை. அரசு அனுமதியில்லாமல் சங்கம் வைக்க 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராததால், பக்கத்தில் நின்று பேசவும் ஆளில்லை. பல பக்கம் எழுதிய மனுவுக்கு, 'பரிசீலிக்கப்பட்டது, நிராகரிக்கப்படுகிறது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் அவர் என்னதான் செய்வார்?

நீதிமன்றம் இதைப் பார்க்காமல் இல்லை. விசாரணை முடிந்ததும், 'இந்தத் தண்டனை ஏன் கூடாது?' என்று ஊழியரிடம் மறுபடி கேட்கும் வழக்கம் முன்பு இருந்தது. 1976-இல் வந்த 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. அந்த வாய்ப்பு போன பிறகு வாதாட மிச்சமிருப்பது மேல்முறையீடுதான். ஆகவே ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு, காரணம் எழுதி முடிவு சொல்ல வேண்டும் என்று 1986-இல் ஒரு ரயில்வே ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்தாக வேண்டும் என்பது 1993-இல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்த விதி. அறிக்கையைக் கண்ணால் பார்க்காதவர் எதை எதிர்த்து எழுதுவார்!

கோலார் தங்கச் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் கதை இன்னும் கசப்பானது. 1985 ஜூனில் போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டுத் தங்கம் சிக்கியதாக வழக்குப் போட்டது. பணியிடை நீக்கக் காலத்தில் பிழைப்பூதியம்கூடக் கைக்கு வரவில்லை. கேரளத்தில் இருந்தவருக்குக் கோலார் வந்துபோகப் பணமில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து, 1986-இல் வேலை போனது. அடுத்த ஆண்டே குற்றவியல் நீதிமன்றம் அதே சோதனைக் கதையை நம்பாமல் அவரை விடுவித்தது. அப்போதும் வேலை திரும்பவில்லை. 1999-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், நிலுவைச் சம்பளத்தோடு மறுபடி பணியில் சேர்க்க உத்தரவானது.

எல்லாவற்றுக்கும் ஐகோர்ட்டு இருக்கிறதே என்று சொல்லலாம். ஆனால், துறை விசாரணையின் சாட்சியங்களை ஐகோர்ட்டு மேல்முறையீட்டு அதிகாரி மாதிரி மறுபடி எடைபோடக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. ஆக, சாட்சி சொன்னது உண்மையா என்று இரண்டாவது முறை முழுதாகப் பார்க்கும் மேஜை அந்த டி.ஐ.ஜி. அலுவலக மேஜைதான்.

அங்கே கோட்டைவிட்டால் அடிபடுவது நிரபராதிக் காவலர் மட்டுமல்ல. உண்மையிலேயே லஞ்சம் வாங்கியவரும், லாக்கப்பில் அடித்தவரும் இதே நடைமுறைக் குறையைக் காட்டித் தண்டனையை ரத்து செய்துகொண்டு வருவதுண்டு. பிழை எங்கே நேர்ந்ததோ அங்கிருந்து விசாரணை மறுபடி தொடங்கும். புகார் கொடுத்தவர் அதுவரை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான்.