இரண்டு இணைப்பு, ஒரே பள்ளம்

"எங்கள் வங்கிக் கிளைக்கு இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கிறோம். ஒன்று அறுந்தால் மற்றது தானாகவே கைகொடுக்கும் என்றார்கள். போன மாதம் இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

'தானாகவே' என்பது பொய்யில்லை. ஃபைபர் வளையத்தில் ஓரிடம் அறுந்தால், 50 மில்லிநொடிக்குள் தகவலை எதிர்த்திசையில் திருப்பும் ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. அடுத்த பாய்ச்சல், 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓப்பன்ஃப்ளோ என்ற நெறிமுறை. அதுவரை அக்கம்பக்கத்து ரூட்டர்கள் சொன்னதை வைத்து ஒவ்வொரு ரூட்டரும் தானே வழியை முடிவு செய்தது. அந்தப் பொறுப்பைப் பிரித்தெடுத்து, வலை முழுவதையும் பார்க்கும் ஒரு மென்பொருளிடம் ஒப்படைக்கலாம் என்றது ஓப்பன்ஃப்ளோ.

கூகுள் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையில் இதைச் செய்து, 2013இல் விவரம் வெளியிட்டது. விபத்துக்கென்று இடம் விட்டு, நெடுந்தொலைவு இணைப்புகளை 30-40 சதவீதமே நிரப்புவது வழக்கம். பி4இல் பல இணைப்புகள் ஏறக்குறைய முழுக்க நிரம்பி ஓடின. ஒன்று அறுந்தால், காத்திருக்கக்கூடிய நகலெடுப்பு வேலைகள் ஒதுங்கும். அவசரமானவை முதலில் போகும்.

இவ்வளவு கெட்டிக்கார மென்பொருளுக்கும் மண்ணுக்கடியில் நடப்பது தெரியாது. அதன் வரைபடத்தில் இருப்பவை கோடுகள். இரண்டு கோடுகள் ஒரே பள்ளத்தில் கிடக்கின்றனவா என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெரு சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் ஃபைபர்கள் அதே சுரங்கத்தின் வழியேதான் சென்றன. ஒரு தீயில் பல நிறுவனங்களின் இணையம் தடுமாறியது. எங்கள் ஊர் வீட்டிலும் இதே கதைதான்: மோட்டார் இரண்டு, கிணறு ஒன்று. கோடையில் இரண்டும் காற்றைத்தான் இழுத்தன.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே குழாயில், ஒரே பாலத்தில் செல்லும் இணைப்புகளுக்கெல்லாம் ஒரே அடையாள எண் கொடுத்தால், மாற்றுப்பாதை தேடும் மென்பொருள் அந்த எண்ணைத் தவிர்த்துவிடும். எண்ணைப் பதிய வேண்டியவர்கள் மனிதர்கள். நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று ஃபைபரை வாடகைக்கு எடுக்கும்போது, இந்தப் பாதை விவரம்தான் அலட்சியத்தில் தொலைகிறது. தோண்டுவோருக்கும் பொறுப்புண்டு. தோண்டுமுன் தகவல் சொல்ல 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. ஜேசிபி இறங்குமுன் அதைத் திறக்க சில நிமிடம் போதும்.

வாசகருக்கு ஒரு யோசனை: அடுத்த ஒப்பந்தத்தில் வேகத்தையும் விலையையும் பேசுமுன், இரு நிறுவனங்களிடமும் பாதை வரைபடத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உங்கள் கட்டடத்துக்குள் கேபிள் நுழையும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.