புழு தின்னட்டும்

கத்திரி வெயிலில் ரோஜாத் தொட்டிக்கு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாலும் இலை கருகிவிடும். அதே வெயிலில், காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, யாரும் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றாத எருக்கு பூத்து நிற்கும். தடித்த இலையும், விரலால் தேய்த்தால் மாவுபோல் ஒட்டும் வெண்பூச்சும் ஈரத்தை வெளியே விடுவதில்லை. நர்சரியில் எருக்கங்கன்று கேட்டால் சிரிப்பார்கள். பஞ்சோடு பறந்து வரும் விதை தானே முளைத்துக்கொள்ளும். பிடுங்காமல் விட்டால் போதும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையங்களும் உடம்பில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளுமாக ஒரு புழு இருக்கலாம். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. எருக்கம்பாலில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. அதனால் புழு முதலில் இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிடுகிறது, பிறகுதான் சாப்பாடு. அப்படியும் உள்ளே போகும் நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு கூடவே இருக்கும். ஒருமுறை கொத்தி வாந்தியெடுத்த பறவை மறுமுறை கிட்டே வராது. வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் பறப்பதன் ரகசியம் இதுதான். நஞ்சே இல்லாத வேறொரு பட்டாம்பூச்சியின் பெண், இதே ஆரஞ்சு வேஷம் போட்டுப் பிழைத்துக்கொள்கிறது! (எருக்கை ஒடித்த கையால் கண்ணைத் தொடாதீர்கள், நமக்கும் அது நஞ்சுதான்.)

கொஞ்சம் வெயில்படும் இடம் மிச்சமிருந்தால் ஆவாரை வையுங்கள். வேர்பிடித்த பிறகு அதுவும் தண்ணீர் கேட்காது. அந்த மஞ்சள் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மிளகுத்தூள் டப்பாபோல் நுனியில் சின்னத் துளையுள்ள பைக்குள் இருக்கும். கறுத்த பெரிய தச்சன் வண்டு பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவைத்து அதை உதிர்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்றால் அந்த 'ர்ர்ர்' சத்தம் கேட்கும்.

கறிவேப்பிலை எப்படியும் வீட்டில் இருக்கும். அதன் இலையில் குருவி எச்சம்போல் ஒட்டியிருப்பதைத் தட்டிவிடும் முன் உற்றுப் பாருங்கள். அது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தால் இலைப்பச்சைக்கு மாறிவிடும். மருந்தடிக்காமல் விட்டதில் போன மாதம் எங்கள் செடி மொட்டையானது. துளிர்க்கும்வரை ரசத்துக்குப் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைதான்.