புகையறையின் சூட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம்

லண்டனில் வாழும் உறவினர் வீட்டுச் சுவரில் சிறிய பெட்டியொன்று இருக்கும். அறையின் சூட்டை அளந்து, வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்குக் கம்பியில்லாமலே 'எரி', 'நிறுத்து' என்று சொல்லும் கருவி அது. ருவான்வெல்லையில் வீட்டைச் சூடாக்கும் தேவை எவருக்கும் இல்லை. ஆனால் இரவு பகலாகச் சூடு காக்கப்பட வேண்டிய கட்டடம் இங்கும் உண்டு. அதுதான் இறப்பர் ஷீட் காயும் புகையறை.

பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, நீர் வடியவிட்ட ஷீட்டுகள் புகையறையில் சுமார் நான்கு நாட்கள் தொங்குகின்றன. முதல் நாளில் 40 பாகை செல்சியஸை அண்டிய சூடு போதும். பின்னர் படிப்படியாகக் கூட்டலாம், ஆனால் 60 பாகையைத் தாண்டக் கூடாது. ஈரம் வெளியேறும் முன்பே சூடு ஏறினால் ஷீட்டில் கொப்புளம் விழும், பிசுபிசுப்பு வரும். சூடு குறைந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஷீட்டின் தரத்தைக் கண்ணால் பார்த்தே பிரிக்கிறார்கள். முதல் தரத்தில் போக வேண்டியது கீழே இறங்கினால், விடிகாலையில் பால் வெட்டியவரின் உழைப்பே விலையில் குறைகிறது.

பலர் சூட்டைக் கையால் தொட்டு மதிப்பிடுகிறார்கள். சிலர் உள்ளே வெப்பமானி மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தால் சூடும் போகும், புகையும் நெஞ்சுக்குள் போகும். விறகுப் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் உண்டு. கம்பியில்லா வெப்பமானி இங்குதான் உதவுகிறது.

இதில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று சூட்டை உணர்ந்து வானொலி அலையாக அனுப்பும், மற்றொன்று வீட்டில் இருந்து எண்ணைக் காட்டும். வாங்கும்போது நீண்ட கம்பியின் நுனியில் உணரி உள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். உணரி மட்டும் உள்ளே போகட்டும். அனுப்பும் பெட்டியைச் சுவருக்கு வெளியே, மழை படாத இறவாணத்தின் கீழ் மாட்டுங்கள். பெட்டியையே உள்ளே வைத்தால் சூட்டிலும் கரியிலும் பற்றரி சீக்கிரம் கெடும், தகரக் கூரையும் தகரக் கதவும் அலையை மறிக்கும்.

மாட்டும் முன் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸ் கலந்த நீரில் உணரியை வைத்தால் 0 பாகையை அண்டிக் காட்ட வேண்டும். வெந்நீரில் நல்ல கண்ணாடி வெப்பமானியோடு சேர்த்து வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் சுவரில் எழுதி வையுங்கள்.

உணரி தொங்க வேண்டிய இடம் ஷீட்டுகள் தொங்கும் உயரம். சூடு மேலெழும் துவாரத்துக்கு நேர் மேலே வைத்தால் எண் கூடுதலாகக் காட்டும், கதவருகே வைத்தால் குறைவாகக் காட்டும். நுனியில் படியும் கரியை ஒவ்வொரு தொகுதி ஷீட் இறக்கும்போதும் துடையுங்கள். கதவைத் திறந்து, புகை கலைந்த பின்பே உள்ளே செல்லுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கொதிகலனைப்போல விறகுத் தீயை ஆளியால் நிறுத்த முடியாது. இக்கருவி எச்சரிக்க மட்டுமே செய்யும். தீயை ஆள்வது காற்றுத்தான். அடுப்பு வாயை ஒடுக்கினால் தீ தணியும், ஆனால் அறையின் சூடு உடனே இறங்காது. ஆகவே எச்சரிக்கை ஒலியை 60 பாகையில் வைக்காமல் 55 பாகையில் வையுங்கள். கீழ் எல்லைக்கும் ஓர் ஒலி வைக்கலாம். மழைக்கால இரவில் ஈர விறகு அணைந்தால் அது எழுப்பிவிடும்.

தீ விபத்துக்கு இது காவல் அல்ல. அறுந்த ஷீட் அடுப்பில் விழாதபடி துவாரத்தின் மேல் கம்பி வலை கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் வாளியும் மணலும் வாசலில் இருக்கட்டும்.

ஒரு மாதம் சூட்டின் அளவை நேரத்தோடு கொப்பியில் குறித்து வந்தால், எந்த விறகு எவ்வளவு நேரம் தாங்குகிறது, எந்த மணியில் சூடு இறங்குகிறது என்பது தெரியவரும். தரம் ஏன் குறைந்தது என்று வாங்குபவர் சொல்வதை மட்டும் நம்பியிராமல், உற்பத்தியாளரும் தன் கணக்கை முன்வைத்துப் பேசலாம்.